எங்கள் ஆலையைக் காட்டி யாரையோ திட்டுகிறார்கள்

கேள்வி: ஆத்தூர் அருகே சேகோ (ஜவ்வரிசி) ஆலை நடத்துகிறேன். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, ஒரு செய்திச் சேனலில் இருந்து வந்து எங்கள் களத்தைப் படம் எடுத்தார்கள். டீ, வடை கொடுத்துத்தான் அனுப்பினோம். இப்போது அதே சேனலில் ஜவ்வரிசிக் கலப்படம் பற்றிய நிகழ்ச்சிக்கு ப்ரோமோ ஓடுகிறது. அதில் எங்கள் களம், எங்கள் லாரி, பெயர்ப் பலகையில் பாதி! நான்கு நாளாக வியாபாரிகள் போன் செய்து துளைக்கிறார்கள். “அவங்க எடுத்த படம், அவங்க இஷ்டம்” என்கிறார் மச்சான். வழக்குப் போடலாமா?

பதில்: படம் அவர்களுடையது என்ற வரை மச்சான் சொல்வது சரிதான். பதிப்புரிமை சேனலுக்கு, அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட முடியாது. உங்கள் குறை அந்தப் படத்தின் மேல் ஓடும் குரலில் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய பதிவை நாலைந்து முறை பார்த்தேன். பெண்கள் களத்தில் ஜவ்வரிசியைக் கிளறிவிடும் இடத்தில் சரியாக ‘ரசாயனம்’ என்ற சொல் விழுகிறது. அடுத்து லாரி, அரைப் பலகை. வெளியூர்க்காரருக்கு ஒன்றும் புரியாது; ஆத்தூர்க்காரருக்குப் பலகையில் தெரியும் அந்த மூன்று எழுத்தே போதும். அவதூறுக்குப் பெயர் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. தெரிந்தவர்கள் பார்த்து அடையாளம் கண்டால் போதும். ஆகவே உங்களைத் துளைக்கும் அந்த வியாபாரிகள்தான் உங்கள் சாட்சிகள். அவர்களுடைய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள்.

மூலையில் எறும்பு அளவில் ‘கோப்புக் காட்சி’ என்று போட்டிருக்கிறார்கள். அது படம் பழையது என்று மட்டும்தான் சொல்கிறது. இந்த ஆலைக்கும் கலப்படத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லவில்லை. இருபது நொடி ப்ரோமோவில் விளக்கத்துக்கு இடமில்லை என்பார்கள். இடமில்லாத இடத்தில் அடுத்தவர் ஆலையை ஏன் காட்ட வேண்டும்?

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். உணவுப் பாதுகாப்புத் துறை எப்போதாவது உங்கள் ஆலையில் மாதிரி எடுத்து, அது தேறாமல் போனதுண்டா? இருந்தால் முதலில் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். உண்மையும் பொதுநலனும் எதிர்த்தரப்புக்கு நல்ல கவசம்.

அப்படி எதுவும் இல்லையென்றால் இன்றே சேனலின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். செய்திச் சேனல்களின் சுயஒழுங்கு அமைப்பான செய்தி ஒளிபரப்பு மற்றும் டிஜிட்டல் தர ஆணையத்தின் கீழ் வரும் சேனல் என்றால், முதல் ஒளிபரப்பிலிருந்து 7 நாளுக்குள் சேனலுக்குப் புகார் போயிருக்க வேண்டும். நான்கு நாள் போய்விட்டது. கேபிள் டிவி விதிகளில் 2021இல் வந்த திருத்தப்படி, 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் பதில் தர வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் சுயஒழுங்கு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். பெரிய அபராதத்தை எதிர்பார்க்காதீர்கள். ஒரு லட்ச ரூபாய் அபராதம் எந்தச் சேனலைத் தடுக்கும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே கேட்டது. நமக்கு வேண்டியது காட்சி நீக்கமும், ப்ரோமோ ஓடிய அதே நேரத்தில் ஒரு விளக்கமும்.

சேனல்கள் ஒளிபரப்பை 90 நாள் பதிவாக வைத்திருக்க வேண்டும். அதை அழிக்கக் கூடாது என்று கடிதத்திலேயே எழுதுங்கள். பதிவு எடுத்த போனையும் மாற்றிவிடாதீர்கள். நீதிமன்றத்துக்குப் போனால் மின்னணுப் பதிவுக்கு பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும்.

நிகழ்ச்சிக்கே தடை கேட்காதீர்கள். ஊடகங்களுக்கு எதிரான இடைக்காலத் தடையை எளிதில் தரக் கூடாது என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ‘கலப்படத்தைப் பற்றிப் பேசட்டும், என் ஆலைக் காட்சியை மட்டும் எடுக்கட்டும்’ என்று கேட்டால் காது கொடுத்துக் கேட்பார்கள். கலப்படத்தால் நட்டப்படுவது நேர்மையாக ஓட்டும் உங்களைப் போன்றவர்களும்தானே!

நட்டஈட்டு வழக்குக்கு ஓராண்டு அவகாசம் உண்டு. ரத்தான ஆர்டர்களின் கணக்கை இப்போதிருந்தே சேருங்கள். பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவில் அவதூறுக்குக் குற்ற வழக்கும் போடலாம்தான். ஆனால் வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்கு நடக்கப் போவது நீங்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், களத்தில் இரண்டு பெண்களின் முகம் தெளிவாகத் தெரிகிறது. அவர்களிடமும் பேசுங்கள். விருப்பப்பட்டால் அவர்கள் பெயரிலும் தனியாக ஒரு புகார் போகட்டும்.