குதிரைக்கு உடம்பு சரியில்லை: விடியும் வரை பொறுக்கலாமா?

ஆடி மாதத்து அந்தியூர் சந்தையில் முதன்முதலாகக் குதிரை வாங்கியவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் மருத்துவன் இல்லை, குதிரை வளர்ப்பவன். டாக்டரை எப்போது கூப்பிடுவது என்பது வரைதான் என் பேச்சு.

கோபிசெட்டிபாளையம்: அண்ணா, மாலையிலிருந்து கொள்ளைத் தொடவில்லை. முன்னங்காலால் தரையைப் பிறாண்டுகிறது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. சுக்குக் கஷாயம் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாமா?

வேண்டாம் தம்பி, இப்போதே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். இது வயிற்றுவலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பை அளவுக்கு மீறி உப்பினால் கிழிந்தே போகும். குடல் முறுக்கிக்கொண்டால் சில மணி நேரம்தான் கையில் இருக்கும்.

டாக்டர் வருவதற்குள் தீனியை அப்புறப்படுத்துங்கள். தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்தால் கயிறு போல ஒரு நாளம் உருளும். அதில் 15 வினாடி துடிப்பை எண்ணி நான்கால் பெருக்குங்கள். சும்மா நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். 60-ஐத் தாண்டியிருந்தால் போனில் முதலில் அதைச் சொல்லுங்கள். பிறகு மேலுதட்டைத் தூக்கி ஈறை அழுத்தி விடுங்கள். வெளுத்த இடத்தில் 2 வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு செங்கல் நிறத்திலோ நீலம் பாய்ந்தோ இருந்தால் நிலைமை மோசம். கடைசியாக லத்தி போட்டது எப்போது என்பதையும் டாக்டர் கேட்பார்.

கஷாயம், விளக்கெண்ணெய் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் கெட்டுவிடும். மருந்துக்கடையில் வலி ஊசி வாங்கி நீங்களே போடவும் கூடாது. வலி அடங்கும், முறுக்கு அப்படியே இருக்கும், டாக்டருக்கு அறிகுறி தெரியாமல் போகும். படுத்து உருளப் பார்த்தால் சற்று நேரம் மெதுவாக நடத்துங்கள். மணிக்கணக்காக இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம். கட்டுக்கடங்காமல் உருண்டால் விலகி நில்லுங்கள், உங்கள் உயிரும் முக்கியம்.

தாராபுரம்: கட்டை அவிழ்த்துக்கொண்டு போய் மக்காச்சோள மூட்டையைப் பாதி காலி செய்துவிட்டது. ஆனால் நன்றாகத்தான் நிற்கிறது, ஐயா.

நன்றாக நிற்கும்போதே கூப்பிடுங்கள். தீங்கு வெளியே தெரிய ஒரு நாள்கூட ஆகலாம். அதற்குள் குளம்பின் உள்சதை அழன்றுவிடும். குளம்பு சுடுவதும், முன்னங்கால்களை நீட்டிப் பின்னுக்குச் சாய்ந்து நிற்பதும் அந்த நோய் வந்துவிட்டதற்கு அடையாளம். அதன் பிறகு பழைய ஓட்டத்தைப் பல குதிரைகளிடம் பார்க்க முடிவதில்லை.

காங்கேயம்: உள்ளங்குளம்பில் ஆணி ஏறியிருக்கிறது. பிடுங்கிவிடலாமா?

டாக்டர் சீக்கிரம் வருவார் என்றால் பிடுங்காதீர்கள். எவ்வளவு ஆழம், எந்தத் திசை என்று எக்ஸ்ரேயில் பார்க்க அந்த ஆணி வேண்டும். ஊன்றி உள்ளே அழுத்தாதபடி குதிரையை நகர்த்தாமல் நிறுத்துங்கள். ஏற்கெனவே பிடுங்கியிருந்தால் துளையைச் சுற்றி அடையாளம் போட்டு, ஆணியைப் பத்திரமாக வையுங்கள். மற்ற கால்நடைகளைவிடக் குதிரையை ரணஜன்னி (டெட்டனஸ்) எளிதில் தாக்கும். தடுப்பூசிக் கணக்கையும் எடுத்துச் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி: ஒரு கண் மட்டும் நீர் வடிகிறது, இமையைத் திறக்க மாட்டேன் என்கிறது.

இன்றே காட்டுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தை விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால் பார்வையே போகலாம்.

நாமக்கல்: ஐயா, குட்டி பிறந்து நான்கு மணி நேரம் ஆகிறது. நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லை. மாட்டுக்கு அரை நாள்கூடக் காத்திருப்போமே?

மாட்டுக் கணக்கு இதற்கு ஆகாது, அம்மணி. குட்டி ஒரு மணி நேரத்தில் எழ வேண்டும், இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் கொடி விழ வேண்டும். இதில் எது தவறினாலும் உடனே அழைக்க வேண்டும். கையால் இழுத்துவிடாதீர்கள்; கிழிந்து ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் தாய்க்கு ஆபத்து.

பெருந்துறை: ஒரு வேளை தீனியை மிச்சம் வைத்தது. அதற்கும் ஓட வேண்டுமா?

லத்தி வழக்கம்போல் இருந்து, நாடியும் உடல் சூடும் சரியாக இருந்தால் அடுத்த வேளை வரை கவனித்துப் பார்க்கலாம். ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் தெர்மாமீட்டரில் 101.3 டிகிரி பாரன்ஹீட் வரை வளர்ந்த குதிரைக்கு இயல்பு. ஆனால் உங்கள் குதிரையின் இயல்பான அளவு தெரிந்திருந்தால்தான் மாறுதல் பிடிபடும். ஆகவே நன்றாக இருக்கும்போதே நாடியையும் சூட்டையும் சில நாள் பார்த்து, லாயத்துச் சுவரில் எழுதி வையுங்கள். அதன் கீழேயே குதிரை பார்க்கத் தெரிந்த டாக்டரின் எண்ணையும், கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962-ஐயும், இரவிலும் வரச் சம்மதித்த வண்டிக்காரரின் எண்ணையும் எழுதுங்கள்.