கடைசி இரண்டு முக்கோணிகளும் ஏன் சமமாகவே வருகின்றன?

கல்லடியில் இருந்து கேட்டவருக்கு: பாடசாலைக் கணிதக் கண்காட்சிக்கு பக்கம் 22 சென்ரிமீற்றர் (ச.மீ.) ஆன காட்போட் சதுரத்தை, அளவில் ஒன்றைப்போல் ஒன்று இல்லாத இருசமபக்கச் செங்கோண முக்கோணிகளாக வெட்டப் பார்க்கிறீர்கள். பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போனால் கடைசி இரண்டும் சமமாகிவிடுகின்றன என்கிறீர்கள். உங்கள் கையில் பிழை இல்லை. 1/2 + 1/4 + 1/8 என்று எவ்வளவு கூட்டினாலும் 1 ஆகாது. மிஞ்சுவது எப்போதும் கடைசியாக வெட்டிய துண்டின் அளவுதான். ஆகவே முறையையே மாற்ற வேண்டும்.

கீழ் இடது மூலையை (0,0) என்று வைத்து இந்த எட்டுக் கோடுகளையும் கீறுங்கள்: (0,22)–(22,0), (8,0)–(8,14), (0,6)–(8,14), (3,9)–(8,4), (0,6)–(6,6), (0,0)–(6,6), (4,4)–(8,4), (4,4)–(8,0).

இதே வரிசையில் வெட்டுங்கள். அப்போது ஒவ்வொரு வெட்டும் கையிலுள்ள துண்டின் ஓரத்திலிருந்து மற்ற ஓரம்வரை நேராகப் போகும், கட்டரை நடுவில் நிறுத்தத் தேவையில்லை. வரிசை மாறினால் பக்கத்துத் துண்டைக் கீறிவிடக்கூடும்.

ஒன்பது துண்டுகள் வரும். பரப்பளவு சதுர ச.மீ. இல்: 242, 98, 64, 25, 18, 16, 9, 8, 4. கூட்டினால் 484, அதாவது 22×22. எல்லாம் வேறு வேறு.

வெட்டுமுன் (3,9)–(8,4) கோடு சரியாக (6,6) ஊடாகப் போகிறதா என்று பாருங்கள். அதில் ஒரு மில்லிமீற்றர் விலகினாலும், செம்பக்கம் (செங்கோணத்துக்கு எதிரே உள்ள நீண்ட பக்கம்) வெறும் 4 ச.மீ. ஆன அந்தக் குட்டித் துண்டு கோணலாகிவிடும்.

துண்டின் பின்னால் "6" என்று மட்டும் எழுத வேண்டாம். ஒன்றில் சமபக்கம் 6, இன்னொன்றில் செம்பக்கம் 6. 4 உம் அப்படித்தான். பரப்பளவை எழுதுங்கள், பிள்ளைகளுக்குக் குழப்பம் வராது.