சரிவில் இறங்கும்போது சிறுநீர் கசிகிறது

கேள்வி: எனக்கு வயது 64. கோத்தகிரி அருகே சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். புற்றுநோய்க்காகக் கோவையில் புராஸ்டேட் சுரப்பியை முழுமையாக அகற்றி 7 வாரங்கள் ஆகின்றன. சிறுநீர் வடியப் போட்டிருந்த குழாயை (கதீட்டர்) எடுத்த நாளிலிருந்து இருமினாலும், எழுந்தாலும், தோட்டத்துச் சரிவில் இறங்கினாலும் சிறுநீர் கசிகிறது, மாலையில் அதிகம். சிறுநீரை அடக்கும் இடுப்புத்தளத் தசையைத் தினமும் 200 முறை இறுக்கிப் பயிற்சி செய்கிறேன்; பலனில்லை. தண்ணீரையும் குறைத்துவிட்டேன். ஊட்டி பஸ்ஸில் ஏறவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: ஐயா, சிறுநீரை அடக்க ஆண்களுக்கு இரண்டு காவல்கள் உண்டு. சிறுநீர்ப்பையின் கழுத்தில் தானாக இயங்கும் தசை ஒன்று; புராஸ்டேட்டுக்குக் கீழே, நம் விருப்பப்படி இறுக்கக்கூடிய சுருக்குத்தசையும் அதற்குத் துணைநிற்கும் இடுப்புத்தளத் தசைகளும் மற்றொன்று. அறுவை சிகிச்சையில் மேலுள்ள காவல் பெரும்பாலும் சுரப்பியோடு போய்விடுவதால், கீழுள்ளது தனியாகச் சுமக்கப் பழக வேண்டியிருக்கிறது. 7 வாரத்தில் கசிவு இருப்பது இயல்பே. பெரும்பாலானவர்களுக்கு 3 முதல் 6 மாதங்களில் நன்றாகக் குறைகிறது. ஓராண்டு வரையிலும் முன்னேற்றம் தொடர்வதுண்டு.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது அந்த 200 என்ற எண்தான். மற்றத் தசைகளைப் போலவே இதுவும் களைத்துப்போகும். மாலையில் கசிவு கூடுவதற்கு அந்தக் களைப்பே காரணமாக இருக்கலாம். மேலும், மூச்சை அடக்கி வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்கினால், சிறுநீர்ப்பையை மேலிருந்து நாமே அழுத்துகிறோம். 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் இப்பயிற்சியைப் பிரசவித்த பெண்களுக்காக விவரித்தார்; ஆண்கள் இறுக்க வேண்டிய இடம் சற்று வேறு. வாயுவை அடக்குவதுபோல் இறுக்கச் சொல்லும் வழக்கமான அறிவுரை ஆசனவாயைச் சுற்றிய தசைகளுக்கே அதிக வேலை தருகிறது; உங்களுக்கு வேண்டியதோ முன்பக்கத் தசை. கண்ணாடி முன் நின்று, ஆண்குறியை உள்ளே இழுப்பதாகவும் விரைகளை மேலே தூக்குவதாகவும் எண்ணி இறுக்குங்கள். அவை சற்று அசைந்து, வயிறு தளர்ந்தும் மூச்சு சீராகவும் இருந்தால் சரியான தசையைப் பிடித்துவிட்டீர்கள். 5 விநாடி பிடித்து 10 விநாடி தளர்த்துவதாக 10 முறை, நாளுக்கு 3 வேளை போதும். முழுமையாகத் தளர்த்துவதும் பயிற்சியின் பாதியே.

எண்ணிக்கையைவிட நேரம் பார்த்து இறுக்குவது முக்கியம். இருமலுக்கு முன், எழுவதற்கு முன், செங்குத்தான படியில் கால் வைப்பதற்கு முன் இறுக்குங்கள். சமதளம் வந்ததும் விட்டுவிடுங்கள். சரிவு முழுவதும் இறுக்கிக்கொண்டே இறங்க எவராலும் இயலாது. சிற்றடிகளாக இறங்குவது நல்லது. இலை மூட்டையைத் தூக்குவதற்கு, அறுவை செய்த மருத்துவரின் அனுமதி வரும்வரை காத்திருங்கள்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். அடர்ந்த சிறுநீர், சிறுநீர்ப்பையை உறுத்தும். மலச்சிக்கல் வந்து முக்கினால் கசிவும் கூடும். குளிரில் சிறுநீர் இயல்பாகவே அதிகம் சுரக்கும் என்பதால், மாலைக்குப்பின் தேநீரை மட்டும் குறைத்துப் பாருங்கள்.

சிறுநீர் மெல்லிய தாரையாகவோ சொட்டுச்சொட்டாகவோ போனாலும், காய்ச்சலோ இரத்தமோ கண்டாலும், பயிற்சியை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். சிறுநீர்ப்பையையும் சிறுநீர்க்குழாயையும் இணைத்துத் தையல் போட்ட இடம் சுருங்கியிருக்கக்கூடும். ஓராண்டுக்குப் பின்னும் கசிவு தொந்தரவாக நீடித்தால், சிறுநீர்க்குழாயைத் தாங்கும் நாடாவோ செயற்கைச் சுருக்குத்தசையோ பொருத்த வழியிருக்கிறது.

ஊட்டிக்குப் போவதை நிறுத்தாதீர்கள். ஆண்களுக்கென முன்பக்கம் குவிந்த பேட் கிடைக்கிறது. மாற்று ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறும் முன் சிறுநீர் கழித்துவிட்டுப் புறப்படுங்கள்.