டேப்லட்-லேப்டாப்பில் லைனக்ஸ்: மாடல் எண்ணோடு வந்த கேள்விகளும் இல்லாமல் வந்தவையும்

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் நின்றது. அதற்குப் பிறகு வரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. திரையைக் கழற்றினால் டேப்லட், மாட்டினால் லேப்டாப், உள்ளே ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறை இன்டெல் சிப், விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது, தூக்கிப்போடவும் மனமில்லை. தூக்கிப்போட வேண்டியதில்லை, விண்டோஸுக்குப் பதிலாக லைனக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம். ஆனால் எதைச் செய்தாலும் முதலில் லைவ் பென்டிரைவில் (டிஸ்கில் நிறுவாமல், பென்டிரைவிலிருந்தே) ஓட்டிப் பாருங்கள். கீழேயும் இதையே திரும்பச் சொல்வேன், ஏனென்றால் பல கடிதங்கள் இதைச் செய்யாததால் வந்தவை.

வீட்டில் ஒரு டச் லேப்டாப் சும்மா கிடக்கிறது. லைனக்ஸ் போடலாமா? (ராயபுரம்)

என்ன மாடல்? என்ன சிப்? ரேம் எவ்வளவு? "டச் லேப்டாப்" என்பது "நாலு சக்கர வண்டி" என்பதைப் போன்றது. அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் மாடல் எண் இருக்கும். சர்ஃபேஸ் என்றால் பின்னால் விரியும் ஸ்டாண்டுக்கு அடியில் பாருங்கள். எழுத்து அழிந்திருந்தால் விண்டோஸில் "எம்எஸ்இன்ஃபோ32" ஓட்டினால் எல்லாம் வரும். அந்த விவரங்களோடு மறுபடி எழுதுங்கள்.

செகண்ட் ஹாண்டில் வாங்கிய சர்ஃபேஸ் ப்ரோ 6-ல் உபுண்டு லைனக்ஸ் போட்டேன். எல்லாம் ஓடுகிறது, டச்சும் பேனாவும் மட்டும் செத்துவிட்டன. (பெரம்பூர்)

மாடலைச் சொன்னதற்கு நன்றி. உங்கள் திரை பழுதாகவில்லை. சர்ஃபேஸ் ப்ரோ 4-லிருந்து சில தலைமுறைகளுக்கு, விரல் பட்ட இடத்தைக் கணக்கிடும் வேலையை டச் சிப் முழுதாகச் செய்வதில்லை. கச்சாத் தரவை அப்படியே கணினிக்கு அனுப்பிவிடும். அதைப் படிக்கும் டிரைவர் உபுண்டுவின் வழக்கமான கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கிடையாது. "லைனக்ஸ்-சர்ஃபேஸ்" திட்டத்தின் களஞ்சியத்தையும் (மென்பொருள் இறங்கும் இடம்) அதன் சாவியையும் சேர்த்து, சர்ஃபேஸ் கர்னல், அதன் ஹெடர்கள், "லிப்வேகம்-சர்ஃபேஸ்", "ஐபிடிஎஸ்டி" ஆகியவற்றை நிறுவுங்கள். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தொடங்கவிடாத பூட்டு) போட்டிருந்தால் அதற்கான சாவிப் பொதியும் தேவை. அதை நிறுவி ரீஸ்டார்ட் செய்ததும் ஒரு நீலத் திரை வரும். அதில் "என்ரோல் எம்ஓகே" தேர்ந்து, கடவுச்சொல்லாக ஆங்கிலச் சிறிய எழுத்தில் "சர்ஃபேஸ்" என்று அடிக்க வேண்டும். அந்தத் திரையைக் கவனிக்காமல் எண்டர் தட்டிவிட்டால் சாவி ஏறாது, புதுக் கர்னலும் பூட் ஆகாது.

இது முடிந்து ஒரு மாதம் கழித்து "டச் மறுபடி போய்விட்டது" என்று எழுதுவீர்கள். உபுண்டு தன் சொந்தக் கர்னலைப் புதுப்பிக்கும்போது அதன் எண் சர்ஃபேஸ் கர்னலின் எண்ணைத் தாண்டிவிடும். கணினி தொடங்கும்போது கர்னலைத் தேர்ந்து ஏற்றும் கிரப், பெரிய எண்ணைப் பிடித்துக்கொள்ளும். டெர்மினலில் "யுனேம் -ஆர்" கொடுத்துப் பாருங்கள். விடையில் சர்ஃபேஸ் என்ற சொல் இல்லையென்றால் தவறான கர்னலில் இருக்கிறீர்கள். கிரப் மெனுவில் சரியானதைத் தேர்ந்து, அதையே இயல்பாக்கிவிடுங்கள்.

திரையைத் திருப்பினால் படம் திரும்பவில்லை. நண்பருடையது தலைகீழாகத் திரும்புகிறது. (வண்ணாரப்பேட்டை)

இரண்டும் வேறு வேறு சிக்கல். உங்களுடையதில் முதலில் "ஐஐஓ-சென்சார்-பிராக்ஸி" (சாய்வு சென்சாரைப் படிக்கும் நிரல்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் "மானிட்டர்-சென்சார்" கமாண்டை ஓட்டிவிட்டுக் கருவியைச் சாய்த்துப் பாருங்கள். வரிகள் மாறினால் சென்சார் நலம். லாகின் திரையில் எக்ஸ்11-ஐ விட்டு வேலண்ட் செஷனைத் தேர்ந்தெடுங்கள் (இரண்டும் திரையில் படம் காட்டும் முறைகள்). க்னோம் என்ற திரைச்சூழலில், டேப்லட் நிலையில் இருந்தால்தான் படம் தானாகத் திரும்பும். கீபோர்டு மாட்டியிருக்கும்போது திரும்பாதது கோளாறு அல்ல.

நண்பருடையதில் சென்சாரைப் பலகையில் தலைகீழாக ஒட்டியிருக்கிறார்கள். சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ்வின் "எச்டபிள்யூடிபி" அடைவில் உங்கள் மாடலுக்கு ஒரு வரி எழுதி, "ஆக்ஸெல் மவுண்ட் மேட்ரிக்ஸ்" மதிப்பில் தேவையான அச்சின் 1-ஐ -1 ஆக்கி, தரவுத்தளத்தைப் புதுப்பித்து ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்.

செக்யூர் பூட்டை நிறுத்தினேன். விண்டோஸ் இப்போது 48 இலக்கச் சாவி கேட்கிறது. உள்ளே பிள்ளையின் பள்ளிக்கூடப் படங்கள் எல்லாம் இருக்கின்றன. (கொடுங்கையூர்)

பதறாதீர்கள், எதையும் ஃபார்மேட் செய்யாதீர்கள். செக்யூர் பூட்டை மறுபடி போடுங்கள். வேறெதையும் மாற்றவில்லையென்றால் பெரும்பாலும் கேட்காமலே திறந்துவிடும். திறந்த கையோடு படங்களை வெளி டிஸ்கில் எடுத்துவையுங்கள். திறக்காவிட்டால், அந்த விண்டோஸில் நுழைந்திருந்த மைக்ரோசாஃப்ட் கணக்கை ஃபோனில் திறந்து சாதனங்கள் பகுதியில் பாருங்கள். விண்டோஸ் டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கரின் சாவி பெரும்பாலும் அங்கே இருக்கும்.

மற்றவர்களுக்கு: பயாஸில் (கணினி தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) கை வைக்கும் முன் அந்த 48 இலக்கத்தைத் தாளில் எழுதுங்கள். அதே கணினியில் சேமித்துவைத்தால் எதற்கும் உதவாது.

மூடிப் பையில் போட்டால் இரண்டு மணி நேரத்தில் பை சுடுகிறது. சார்ஜ் 90-லிருந்து 60-க்கு வந்துவிடுகிறது. மூன்று டிஸ்ட்ரோ (லைனக்ஸ் வகை) மாற்றிவிட்டேன். (தண்டையார்பேட்டை)

மூன்று முறை மாற்றியது வீண் உழைப்பு. டிஸ்ட்ரோ மூன்றானாலும் உள்ளே ஓடுவது ஒரே கர்னல்தான். சிக்கலின் வேரோ அதற்கும் கீழே, பலகையிலேயே பதிந்துவரும் ஃபர்ம்வேரில் இருக்கிறது.

பழைய லேப்டாப்புகளில் எஸ்3 என்று ஒரு தூக்கம் உண்டு. ரேமுக்கு மட்டும் மின்சாரம் விட்டு, மற்றதை எல்லாம் அணைத்துவிடும். இரவு மூடிக் காலையில் திறந்தாலும் சில சதவீதம்தான் குறைந்திருக்கும். டேப்லட் வகை வந்தபோது, ஃபோனைப் போலத் தொட்டதும் விழிக்க வேண்டும் என்று புதுத் தூக்கம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இதில் கணினி உண்மையில் அணைவதே இல்லை. ஒவ்வொரு பாகமும் தானாகக் கண்ணை மூட வேண்டும். ஒன்று விழித்திருந்தாலும் சிப் ஆழ்ந்த நிலைக்கு இறங்காது. இதைக் கொண்டுவந்ததோடு நிற்காமல், பல தயாரிப்பாளர்கள் எஸ்3-ஐ ஃபர்ம்வேரிலிருந்தே எடுத்துவிட்டார்கள். வாங்குபவரிடம் சொல்லவில்லை, பெட்டியில் ஒரு வரி இல்லை. காசு கொடுத்து வாங்கியவருக்கு எந்தத் தூக்கம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையையும் வைக்கவில்லை. பழி மட்டும் லைனக்ஸ் மீது வந்து விழுகிறது. விண்டோஸிலும் இதே கருவிகள் பைக்குள் சூடாகின்றன. மே மாத வெயிலில், மின்சார ரயில் நெரிசலில், மூடிய பைக்குள் லித்தியம் பேட்டரி இரண்டு மணி நேரம் வேகுவது சாதாரண விஷயமில்லை.

என்ன செய்யலாம்? சிஸ் அடைவில் பவர் என்பதற்குள் "மெம்_ஸ்லீப்" என்ற கோப்பைப் பாருங்கள். "எஸ்2ஐடில்" (புதுத் தூக்கம்) என்ற சொல்லோடு "டீப்" (பழைய எஸ்3) என்ற சொல்லும் இருந்தால் நீங்கள் தப்பித்தீர்கள். கிரப்பின் கர்னல் வரியில் "மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்" என்பதை "டீப்" ஆக்குங்கள். அதற்கு முன் ஒரு முறை கையால் மாற்றித் தூங்கவைத்துச் சோதியுங்கள்; சில கருவிகள் தூங்கும், எழுந்திருக்காது.

"எஸ்2ஐடில்" மட்டும் இருந்தால், யார் விழித்திருக்கிறார் என்று தேட வேண்டும். இன்டெல் கருவியில், ரூட்டாக, டீபக் அடைவின் "பிஎம்சி_கோர்" பகுதியில் எஸ்0 தங்கல் நேரம் (சிப் ஆழ்ந்து தூங்கிய மொத்தம்) மைக்ரோ விநாடியில் இருக்கும். குறித்துக்கொண்டு ஐந்து நிமிடம் தூங்கவையுங்கள். எழுப்பிய பிறகு எண் ஏறியிருக்க வேண்டும். அப்படியே நின்றால் சிப் ஆழ்ந்து தூங்கவில்லை. மெமரி கார்டு, மவுஸ் டாங்கிள், யுஎஸ்பி ஹப் எல்லாவற்றையும் உருவிவிட்டு மறுபடி பாருங்கள். அநேக நேரம் குற்றவாளி ஸ்லாட்டில் மறந்துபோன மெமரி கார்டுதான். அதுவும் இல்லையென்றால் பயாஸைப் புதுப்பியுங்கள். கழற்றும் வகைக் கீபோர்டு என்றால், பைக்குள் புத்தகம் அழுத்தி ஒரு விசை பட்டாலும் விழித்துக்கொள்ளும். கழற்றித் தனியே வையுங்கள்.

மணிக்கு 1 சதவீதம் இறங்கினால் விட்டுவிடலாம். 5-க்கு மேல் என்றால், ரேமில் உள்ளதை டிஸ்கில் எழுதி முழுதாக அணையும் ஹைபர்னேட்தான் வழி. ரேம் 8 ஜிபி என்றால் டிஸ்கில் அதை எழுத 10 ஜிபி ஸ்வாப் இடம் வைத்துக்கொள்ளுங்கள் (இசட்ரேம் இதற்கு உதவாது, அது ரேமுக்குள்ளேயே சுருக்கி வைப்பது). "ரெஸ்யூம்" அளபுருவில் அந்தப் பார்ட்டிஷனைக் காட்டுங்கள். பிறகு சிஸ்டம்டி அமைப்பில் "சஸ்பெண்ட்-தென்-ஹைபர்னேட்" வைத்து, 30 நிமிடம் கழித்து டிஸ்கில் எழுதி முழுதாக அணையும்படி செய்யுங்கள். மூடியை மூடினாலும் இதுவே நடக்கும்படி லாகின்டியில் ஒரு வரி மாற்ற வேண்டும்.

ஒரு தடை உண்டு. செக்யூர் பூட் போட்டிருந்தால் முக்கிய டிஸ்ட்ரோக்களின் கர்னல் ஹைபர்னேட்டை அனுமதிக்காது. நிறுத்தத்தான் வேண்டும். பக்கத்திலேயே விண்டோஸ் இருந்தால், மேலே கொடுங்கையூர்க்காரருக்குச் சொன்ன 48 இலக்கத்தை முதலில் எழுதிவைத்துவிட்டு நிறுத்துங்கள்.

8 அங்குல இன்டெல் ஆட்டம் சிப் டேப்லட், 2 ஜிபி ரேம், 32 ஜிபி. பென்டிரைவ் பூட் மெனுவில் தெரியவே மாட்டேன் என்கிறது. (திருவொற்றியூர்)

சிப் 64 பிட், ஃபர்ம்வேர் 32 பிட். அந்தக் காலத்து மலிவு டேப்லட்டுகள் பலவற்றில் இந்தக் கோணல் உண்டு. பென்டிரைவில் "இஎஃப்ஐ", அதற்குள் "பூட்" ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். "பூட்ஐஏ32" என்ற கோப்பு இல்லையென்றால் எத்தனை முறை எழுதினாலும் தெரியாது; அந்தக் கோப்புள்ள இமேஜாகத் தேடி எடுங்கள். ஒரே மைக்ரோ யுஎஸ்பி துளைதான் என்றால் ஓடிஜி கேபிளும் ஹப்பும் வாங்கிக் கீபோர்டையும் பென்டிரைவையும் அதில் சேர்த்து மாட்டுங்கள். அந்த நேரத்தில் சார்ஜ் ஏறாது. 100 சதவீதம் ஏற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

லைவிலேயே வைஃபையும் ஒலியும் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் நிறுவாதீர்கள். வந்தால் எடை குறைந்த திரைச்சூழலான எல்எக்ஸ்க்யூடி போட்டு இசட்ரேம் வையுங்கள். பிரவுசரில் இரண்டு டேப் திறக்கலாம், நான்கு திறந்தால் திணறும். பிடிஎஃப் படிக்கவும் பாட்டுக் கேட்கவும் போதும். இதற்காகப் புதிதாகக் காசு செலவழிக்க வேண்டாம்.

கழற்றி மாட்டும் கீபோர்டு விட்டுவிட்டு வேலை செய்கிறது. லைனக்ஸ் போட்ட பிறகுதான் இப்படி. வீடு கடற்கரை ஓரம். (காசிமேடு)

கடைசி வரியை எழுதியது நல்லதாயிற்று. திரையின் கீழ் விளிம்பில், கீபோர்டு ஒட்டும் இடத்தில், வரிசையாகச் சின்னத் தங்கநிறப் புள்ளிகள் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரங்களில் பச்சையாகவோ மங்கலான வெள்ளையாகவோ படிந்திருந்தால் அது உப்புக்காற்றின் வேலை, லைனக்ஸ் பாவம். உறுதி செய்ய, பயாஸ் திரைக்குள் போய் அம்பு விசைகளை ஐந்து நிமிடம் தட்டிப் பாருங்கள். அங்கேயும் விட்டுப்போனால் மென்பொருளுக்குச் சம்பந்தமே இல்லை. அங்கே ஒழுங்காக வேலை செய்து லைனக்ஸில் மட்டும் விட்டால் யுஎஸ்பி ஆட்டோசஸ்பெண்டை (சும்மா இருக்கும் சாதனத்தைத் தானாகத் தூங்கவைப்பது) அந்தக் கீபோர்டுக்கு மட்டும் நிறுத்துங்கள்.

சுத்தம் செய்ய: முழுதாக அணைத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியில் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஈரம் தெரியும் அளவுக்கு மட்டும் தொட்டு, இரு பக்கப் புள்ளிகளையும் துடையுங்கள். ஸ்பிரிங் உள்ள ஊசிகளை மெல்ல ஒருமுறை அழுத்தி விடுங்கள், மேலே எழுகிறதா என்று பார்க்க. பத்து நிமிடம் காயட்டும். உப்புத்தாள், பிளேடு எதையும் கொண்டு சுரண்டாதீர்கள். தங்கப்பூச்சு போனால் அடுத்த மாதமே துரு. சென்ட், சானிடைசரும் வேண்டாம், அவை படிவை விட்டுப்போகும். கடலோரத்தில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை இதைச் செய்யலாம்.

டச்சுக்கு எந்த டிஸ்ட்ரோ நல்லது? (மாதவரம்)

க்னோம் உள்ள ஃபெடோரா. கீபோர்டைக் கழற்றவே மாட்டீர்கள் என்றால் உங்களுக்குப் பழகிய எதுவும்.

தமிழ்99 விசைப்பலகை போட்டேன். புள்ளி தானாக விழவில்லை. (வியாசர்பாடி)

தவறான தமிழ்99-ஐச் சேர்த்திருக்கிறீர்கள். பட்டியலில் இரண்டு இருக்கும். எக்ஸ்கேபி வகை விசைக்கு ஓர் எழுத்து என்று போடும், அவ்வளவுதான். முன்பின் எழுத்தைப் பார்க்காது. "ஐபஸ்-எம்17என்" பொதியை நிறுவி, லாக்அவுட் செய்து வந்து, உள்ளீட்டு மூலங்களில் எம்17என் என்று குறித்த தமிழ்99-ஐச் சேருங்கள். ககரத்தை இருமுறை தட்டினால் "க்க" வர வேண்டும். வந்தால் பழையதை நீக்கிவிடுங்கள். இரண்டும் இருந்தால் மாறி மாறி வந்து குழப்பும்.

எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும். இப்போது திரை ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருக்கிறது. லைனக்ஸில் சார்ஜைக் கட்டுப்படுத்த முடியுமா? (எம்.கே.பி. நகர்)

கட்டுப்படுத்தும் கட்டம் தாண்டிவிட்டது. பேட்டரி உப்பிவிட்டது. இன்றே சார்ஜரை உருவுங்கள், அணையுங்கள், திரையை அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். மெத்தையிலோ பீரோவிலோ வைக்காமல், சிமென்ட் தரையில் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஒட்டுத்திரையைச் சூடாக்கித் திறப்பது வீட்டில் செய்யும் வேலையல்ல. பேட்டரி மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பழைய பேட்டரி குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது, மின்கழிவு எடுப்பவரிடம்தான் போக வேண்டும்.

புது பேட்டரி போட்ட பிறகு: க்னோம் 48-லிருந்து, கருவி ஒத்துழைத்தால், பவர் அமைப்பிலேயே சார்ஜை 80 வாக்கில் நிறுத்தும் வசதி உண்டு. லெனோவோ யோகாக்கள் பலவற்றில் "கன்சர்வேஷன் மோட்" இருக்கிறது. சர்ஃபேஸில் ஒலி கூட்டும் பட்டனை அழுத்திக்கொண்டே பவர் போட்டு உள்ளே போனால் "பேட்டரி லிமிட்" இருக்கும். போட்டால் 50-ல் நிற்கும். எப்போதும் சார்ஜரில் வைப்பவருக்கு அதுவே சரி.

டெபியன் நிறுவும்போது வைஃபை காட்டவில்லை. (எண்ணூர்)

ஃபோனை யுஎஸ்பியில் மாட்டி டெதரிங் போடுங்கள். பழைய 11 இமேஜ் வைத்திருந்தால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியதை எடுங்கள். 12-லிருந்து வைஃபை சிப்புக்கான ஃபர்ம்வேர் கூடவே வருகிறது. லைவில் ஓட்டிப் பார்த்திருந்தால் இது நிறுவும் முன்பே தெரிந்திருக்கும்.