புத்தகமே படிக்காதவர் ஐயெல்ட்ஸ் தேர்வில் வாசிப்பைப் பற்றி என்ன பேசுவது?

கேள்வி: டீச்சர், நான் சுங்கை சிப்புட்காரி. ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்து ஆண்டுகளாகத் தாதியாக இருக்கிறேன். பிரிட்டனில் வேலைக்கு விண்ணப்பிக்க ஐயெல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதப் போகிறேன். இன்னும் ஐந்து வாரம்தான். பேச்சுத் தேர்வுக்கான மாதிரிக் கேள்விகளில் ‘உங்களுக்கு வாசிப்பு பிடிக்குமா, என்ன படிப்பீர்கள்’ என்று அடிக்கடி வருகிறது. உண்மையில் நான் புத்தகமே படிப்பதில்லை. வாட்ஸ்ஆப்பில் வருவதைப் பார்ப்பேன். வீட்டில் இருக்கும் நாள்களில் தாத்தாவுக்குத் தமிழ்ப் பேப்பரை வாசித்துக் காட்டுவேன். டியூஷனில் ஒரு பதிலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அந்தப் பதிலின்படி நான் பெரிய நாவல் வாசகி! அதையே ஒப்பித்துவிடலாமா? தமிழ்ப் பேப்பர் என்று சொன்னால் மதிப்பெண் குறையுமா?

பதில்: பொய் சொல்லலாமா என்று நேராகவே கேட்டிருக்கலாம், தங்கச்சி. சொல்லலாம். தேர்வாளர் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கப் போவதில்லை. அவர் மதிப்பெண் போடுவது நான்கு விஷயங்களுக்கு: திக்காமல் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம எடை. எத்தனை புத்தகம் படித்தவர் என்பதற்கு அங்கே இடமே இல்லை. தமிழில் படித்தீர்களா மலாயில் படித்தீர்களா என்பதும் அப்படித்தான். அதைப் பற்றி ஆங்கிலத்தில் பேச வருகிறதா என்பது மட்டுமே கேள்வி.

ஆனால் அந்த நாவல் வாசகியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இது ஒழுக்கப் பாடம் இல்லை, கணக்கு. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த ஒரு தம்பி இப்படித்தான் பேர்பெற்ற ஒரு துப்பறியும் நாவலைத் தேர்ந்தெடுத்து, இரண்டு நிமிடப் பேச்சை அட்சரம் பிசகாமல் தயார் செய்துகொண்டு போனார். பேசி முடித்ததும் தேர்வாளர் சாதாரணமாக ஒன்று கேட்டிருக்கிறார்: ‘முடிவை உங்களால் முன்பே ஊகிக்க முடிந்ததா?’ தம்பி அந்த நாவலின் அட்டையைக்கூடப் பார்த்ததில்லை. அதுவரை சரளமாக ஓடிய ஆங்கிலம் அந்த ஒரு கேள்வியில் நின்றுவிட்டது. ஆங்கிலம் தெரியாமல் இல்லை, சொல்ல விஷயம் இல்லை. கேட்பவருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? நீண்ட மௌனமும் ‘அது வந்து, அது வந்து’ என்ற தடுமாற்றமும் சரளத்தில்தான் போய்க் கழியும். அதோடு, ஒப்பிப்பது காதுக்கு உடனே பிடிபடும். வேகம் மாறும், ராகம் மாறும், கண் மேல்கூரைக்குப் போகும். தமிழ்ப்பள்ளியில் திருக்குறள் ஒப்பித்தவர்கள் நாம், நமக்குத் தெரியாதா!

உங்கள் கடிதத்திலேயே நல்ல பதில் இருக்கிறது. தாத்தாவுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுகிறீர்கள் அல்லவா? அதை ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போய்விட்டீர்கள். நம் ஊர்ப் பெரியவர்களில் பலர் பேப்பரைக் கையில் எடுத்ததும் முதலில் தேடுவது கண்ணீர் அஞ்சலிப் பக்கம். எந்தத் தோட்டத்தில் யார் போனார், அவர் நம் கிராணி மகனா, அந்தப் பழைய டிரைவர் வீட்டு ஆளா என்று. உங்கள் தாத்தாவும் அப்படியென்றால் பதில் இப்படி அமையும்: “நாட் புக்ஸ், டு பி ஆனஸ்ட். பட் மோஸ்ட் ஈவ்னிங்ஸ் ஐ ரீட் த பேப்பர் அலவுட் டு மை கிராண்ட்ஃபாதர், பிகாஸ் ஹிஸ் ஐசைட் இஸ் ஃபெய்லிங். ஹி ஆல்வேஸ் வான்ட்ஸ் த ஒபிச்சுவரிஸ் ஃபர்ஸ்ட்.” மூன்றே வாக்கியம். ‘ரீட் அலவுட்’, ‘ஐசைட் இஸ் ஃபெய்லிங்’, ‘ஒபிச்சுவரிஸ்’ ஆகியவை எல்லோர் வாயிலும் வராத சொற்கள், ஆனால் இடத்துக்குப் பொருந்தி வருகின்றன. சொல்வளத்துக்கு மதிப்பெண் வருவது இப்படித்தான். ‘ஐ ஆம் எ புக்வார்ம்’ என்று ஆரம்பிப்பதால் வராது. அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுத் தேர்வாளர்களுக்குக் காது புளித்திருக்கும் என்பது என் அனுமானம்.

பிடிக்காது என்று சொல்லவும் பயப்படாதீர்கள். ‘நோ’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால்தான் தப்பு. ஏன் இல்லை, அந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள், எப்போதாவது படித்தது உண்டா என்று ஒரு படி மேலே போனால் போதும். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து நாவலைக் கையில் எடுத்தால் இரண்டாம் பக்கத்திலேயே தூங்கிப்போவீர்கள். அதைச் சொல்லலாமே. வார்டில் மருந்துச் சீட்டும் நோயாளி குறிப்பும் படிப்பதும் வாசிப்புதான். அங்கே ஒரு புள்ளி தவறினாலும் ஆபத்து. வீட்டில் கைப்பேசியில் மேலோட்டமாகத் தள்ளிக்கொண்டே போவது இன்னொரு வகை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கைப்பேசிக்கு ‘ஸ்கிம்’, வார்டுக்கு ‘ரீட் கேர்ஃபுலி, லைன் பை லைன்’ என்று பேசினால், நாவல் வாசகியைவிட நீங்கள் சுவாரஸ்யமான ஆளாகத் தெரிவீர்கள்.

இனி, நம் ஆட்கள் வழக்கமாக வழுக்கி விழும் இடங்கள். முதல் குற்றவாளி ‘படிக்கிறேன்’ என்ற நம் சொல். பேப்பரையும் படிக்கிறோம், தாதியர் கல்லூரியிலும் படிக்கிறோம். தமிழில் ஒரே சொல் இரண்டு வேலை செய்வதால், ஆங்கிலத்தில் அவசரமாகப் பேசும்போது ‘ஐ ஸ்டடி த நியூஸ்பேப்பர்’ என்று வந்துவிடுகிறது. மனத்துக்குள் ‘வாசிக்கிறேன்’ என்று நினைத்துக்கொள்ளுங்கள். ‘ரீட்’ தானாக வரும். அந்த ‘ரீட்’டிலும் ஒரு கண்ணி: எழுத்து மாறாது, இறந்த காலத்தில் ஒலி ‘ரெட்’ ஆகிவிடும். ‘யெஸ்டர்டே ஐ ரீட்’ என்று சொல்லி இலக்கணத்தில் ஒரு கீறல் வாங்கியவர்கள் அநேகம்.

அடுத்தது ‘ஐ ஆம் ரீடிங் எவ்ரிடே’. வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பில் வருவது. தினப் பழக்கத்துக்கு ‘ஐ ரீட்’ மட்டும் போதும். அப்புறம் நம் மலேசிய ஆங்கிலத்தின் செல்லப்பிள்ளை, ‘லாஸ்ட் டைம்’. நமக்கு அது ‘முன்பெல்லாம்’. வெளிநாட்டுத் தேர்வாளர் காதில் அது ‘போன தடவை’. ‘லாஸ்ட் டைம் ஐ ரீட் எ லாட்’ என்றால் எந்தத் தடவை என்று அவர் யோசிப்பார். ‘ஐ யூஸ்டு டு ரீட் எ லாட்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். வாசிப்பைப் பற்றிய பேச்சில் இந்த ‘யூஸ்டு டு’ கட்டாயம் தேவைப்படும். எல்லாருக்கும் சின்ன வயது வாசிப்பு ஒன்று இருக்குமே. பள்ளியில் நிலாம் வாசிப்புத் திட்டத்துக்குப் பதிவேடு நிரப்பியது ஞாபகம் இருக்கிறதா? புத்தகத்தைத் திறக்காமல் பின்னட்டையைப் பார்த்துச் சுருக்கம் எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிய கூட்டத்தில் நீங்களும் இருந்திருந்தால், அது அருமையான பதில். சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

வாக்கியக் கடைசியில் நாம் ஒட்டும் ‘லா’வைப் பற்றிக் கேட்பார்கள். தேர்வறையில் அதை வெளியே விட்டுவிட்டுப் போங்கள். ஆனால் வெள்ளைக்காரர் மாதிரி நாக்கைச் சுழற்ற வேண்டாம். நம் உச்சரிப்பு அப்படியே இருக்கலாம், புரிய வேண்டும், அவ்வளவுதான். ‘புக்ஸ்’ஸில் கடைசி ‘ஸ்’ காதில் விழ வேண்டும்.

தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம். அகாடமிக், ஜெனரல் என்று ஐயெல்ட்ஸில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் பேச்சுத் தேர்வு ஒன்றேதான். முதல் பகுதி 4, 5 நிமிடச் சாதாரணப் பேச்சு, மேலே சொன்ன பதில்கள் அதற்கே. இரண்டாம் பகுதியில்தான் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். ‘நீங்கள் படித்த ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று அட்டை வந்தால்? ஒரு நிமிடம் யோசிக்கக் கொடுப்பார்கள், தாளும் பென்சிலும் இருக்கும். பிறகு ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். தமிழ்ப்பள்ளி நாளில் படித்த கதைப் புத்தகம் போதும், தாதியர் பயிற்சியில் கைவிட்டுப் பிரியாத மருந்துக் கையேடும் போதும். நான் கையேட்டைத்தான் சொல்வேன், உங்களுக்கு அதில் சொல்ல ஏராளம் இருக்கும். தாளில் வாக்கியம் எழுதி நேரத்தை விரயம் செய்யாதீர்கள். ‘யார் கொடுத்தது, எங்கே வைத்துப் படித்தேன், முனை மடிந்த பக்கம், முதல் இரவு ஷிஃப்ட்’ என்று நாலைந்து சொல் போதும். கதைச் சுருக்கம் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் தொலைந்துபோவீர்கள். புத்தகத்தைவிட உங்களுக்கும் அதற்கும் இருந்த உறவைப் பேசுங்கள். இரண்டு நிமிடமானதும் தேர்வாளர் நிறுத்துவார். அது நேரக் கணக்கு, குறை சொல்வது இல்லை. அதன் பிறகு ஒன்றிரண்டு சின்னக் கேள்விகள் வரலாம், அந்தத் தம்பிக்கு வந்தது போல.

மூன்றாம் பகுதியில் பேச்சு உங்களை விட்டு ஊருக்குப் போகும். மக்கள் ஏன் முன்போல் படிப்பதில்லை, அச்சுப் பத்திரிகைக்கு எதிர்காலம் உண்டா, இப்படி. இங்கேயும் தாத்தாவையே இழுத்துக்கொண்டிருந்தால் எடுபடாது. ‘மை கிராண்ட்ஃபாதர்’ என்பதை ‘எல்டர்லி பீப்பிள் இன் ஸ்மால் டவுன்ஸ் டெண்ட் டு’ என்று அகலப்படுத்துங்கள். உதாரணம் வேண்டுமென்றால் தமிழ் நேசன் கையிலேயே இருக்கிறது: 1924-இல் தொடங்கிய நாளிதழ், 2019-இல் நின்றது. ஆண்டு தெரிந்ததற்காக மதிப்பெண் கிடையாது. ‘வேர்அஸ்’, ‘ஈவன் தோ’ போட்டு அதை ஒரு கருத்தோடு முடிச்சுப் போடத் தெரிந்ததற்குத்தான் கிடைக்கும்.

நீங்கள் எடுக்க வேண்டிய 7 மதிப்பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனின் தாதியர் மன்றம் பேச்சு, கேட்டல், வாசிப்பு மூன்றிலும் 7 கேட்கிறது, எழுத்தில் மட்டும் 6.5 போதும். பேச்சில் 7 என்றால் பிழையே இல்லாத ஆங்கிலம் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். பிழையில்லாத வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும், சில பிழைகள் இருந்தாலும் அந்த மதிப்பெண் கிடைக்கும். ஆகவே பேச்சின் நடுவே ஒரு ‘ரீட்’ தவறிவிட்டால் திருத்திக்கொண்டு மேலே போங்கள், அங்கேயே உட்கார்ந்து வருத்தப்படாதீர்கள்.

வாசிப்பு என்ற தலைப்பு உங்கள் தேர்வில் வராமலே போகலாம். வேலை, வீடு, சாப்பாடு என்று எதுவும் வரும். அதனால் ஐந்து வாரத்தையும் இதற்கே கொட்ட வேண்டாம். இன்று இரவு தாத்தாவுக்குப் பேப்பர் வாசித்து முடித்ததும், சற்று முன் வாசித்த செய்தியில் ஒன்றை ஆங்கிலத்தில் ஒரு நிமிடம் அவருக்கே சொல்லுங்கள், கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு. அவருக்குப் புரியாவிட்டால் என்ன, கேட்டுக்கொண்டிருப்பார். நாளைக்கும் வாசிப்பு பிடிக்குமா என்ற அதே கேள்விக்குப் பதில் சொல்லிப் பதிவு செய்யுங்கள், நாளை மறுநாளும். மூன்று பதிவும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தால், மறுபடியும் மனப்பாடத்தில் இறங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். மூன்றையும் அழித்துவிட்டு, வேறு ஒரு நாள் பேப்பரை எடுங்கள்.