பழைய டிரக்கில் பாடி மாட்யூல் மாற்றலாமா? கேள்வி பதில்

கதவு லாக், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், உள்விளக்கு, பல வண்டிகளில் சாவிப் பாதுகாப்பு என்று பலவற்றை ஒரே பெட்டியிலிருந்து இயக்குவது பாடி கண்ட்ரோல் மாட்யூல். வயதான டிரக்குகளில் அது தரும் தொல்லை பற்றி வந்த கேள்விகளுக்கு, வாகன மின்பழுது வேலை செய்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, என் டிரக்கில் இண்டிகேட்டர் திடீரென்று நின்றுவிடுகிறது. கதவு லாக் தானாக விழுகிறது. உள்விளக்கு அணைவதே இல்லை. பாடி மாட்யூல் போய்விட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: எதை அளந்து பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்று அவரிடம் கேளுங்கள். எதையும் அளக்கவில்லை என்றால் மாற்றாதீர்கள். பழுது என்று கழற்றி வைக்கப்படும் மாட்யூல்களில் பல நல்ல நிலையில் இருப்பவை. குற்றம் பேட்டரியிலோ எர்த்திலோ ஏதாவது ஒரு கனெக்டரிலோ இருக்கும். போதிய மின்சாரம் வந்து சேராத மாட்யூல் தாறுமாறாகத்தான் நடந்துகொள்ளும்.

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். 12 வோல்ட் வண்டி என்றால், ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதலில் அதைக் கவனியுங்கள்.

அடுத்தது எர்த். பலர் ஏமாறும் இடம் இதுதான். கனெக்டரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை வைத்தால், அரித்துப்போன ஒயர்கூட 12 வோல்ட் காட்டும். உள்ளே ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் போதும். சுமை ஏறும்போதுதான் அந்த ஒயரின் உண்மை நிலை தெரியும். எனவே கனெக்டர் மாட்டியபடியே இருக்கட்டும். ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் விசிறி எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் மாட்யூலின் எர்த் பின்னுக்கும் இடையே அளங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. அரை வோல்ட் வந்தால் எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டி, பெயிண்ட் படாத இரும்பில் வைத்து இறுக்குங்கள். பாசிட்டிவ் பக்கத்தையும் இதே முறையில் பார்த்துவிடுங்கள்.

உள்விளக்கு அணையாமல் இருக்க, கதவு லாக்குக்குள் இருக்கும் சிறிய சுவிட்ச் ஒன்று கெட்டால் போதும். எல்லாக் கதவும் சாத்தியிருக்கும்போது எது திறந்திருப்பதாக ஸ்கேனர் (வண்டியின் கணினிகளைப் படிக்கும் கருவி) சொல்கிறது என்று பாருங்கள். கதவுக்கும் தூணுக்கும் நடுவே ரப்பர் உறைக்குள் போகும் ஒயர்கள் ஆண்டுக்கணக்கில் மடங்கி நிமிர்ந்து உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும். கதவு லாக் கோளாறுக்கு அந்த உறையைப் பின்னுக்குத் தள்ளிப் பார்ப்பதுதான் முதல் வேலை.

கேள்வி: மழை பெய்தால் மட்டும் ஹாரன் தானாக அடிக்கிறது, வைப்பர் ஓடுகிறது. வெயிலில் எல்லாம் சரியாகிவிடுகிறது.

பதில்: தண்ணீர் உள்ளே வருகிறது. முன்கண்ணாடியின் ஓரப் பசை, கண்ணாடிக்குக் கீழே இலை அடைத்துக்கொண்ட வடிகால், பிக்கப் வகை என்றால் கேபினின் பின்புறம் மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் விளக்கின் ரப்பர், இவற்றைச் சோதியுங்கள். ஒருவர் வெளியே குழாயில் தண்ணீர் விட, இன்னொருவர் டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச்சோடு பார்த்தால் தெரிந்துவிடும். ஒயர் கட்டு வழியாகவே தண்ணீர் இறங்கிக் கனெக்டருக்குள் போவதும் உண்டு. பச்சைப் படிவு தெரிந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு துடைத்து நன்றாக உலர்த்துங்கள். பின்னின் உலோகமே அரிக்கப்பட்டிருந்தால் துடைத்துப் பயனில்லை. கசிவை அடைக்காமல் புதிய மாட்யூல் போடுபவர் அடுத்த மழைக்கு இன்னொன்று வாங்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஸ்கேனரில் யு0140 என்ற குறியீடு வருகிறது. பாடி மாட்யூல் பழுது என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. பாடி மாட்யூலிடமிருந்து தகவல் வரவில்லை என்று வேறொரு மாட்யூல் கொடுக்கும் புகார் அது. ஃபியூஸ் போயிருக்கலாம், எர்த் விட்டிருக்கலாம், தகவல் ஒயர் அறுந்திருக்கலாம்.

கேன் அமைப்பு (மாட்யூல்கள் இரண்டு ஒயர் வழியே தமக்குள் தகவல் பரிமாறும் முறை) உள்ள வண்டி என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 6, 14 ஆம் பின்களுக்கு இடையே ஓம் அளந்து பாருங்கள். வழியின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர்கள் இருப்பதால் 60 ஓம் அளவில் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை துண்டாகியிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கேனுக்கு முந்தைய தலைமுறை ஜெனரல் மோட்டார்ஸ் டிரக்குகளில் தகவல் 2 ஆம் பின்னில் ஒற்றை ஒயரில் ஓடுகிறது. அங்கே இந்த ஓம் சோதனை செல்லாது. ஒன்பது பின் வட்ட சாக்கெட் உள்ள கனரக வண்டிகளில் சி, டி பின்களுக்கு இடையே அளக்க வேண்டும். குண்டு பல்பு வைத்த டெஸ்ட் லாம்ப்பை இந்த ஒயர்கள் எதிலும் குத்தாதீர்கள்.

கேள்வி: இரவு நிறுத்தினால் காலையில் பேட்டரி காலி. பாடி மாட்யூல் தூங்காமல் விழித்திருக்கிறது என்கிறார்கள்.

பதில்: இருக்கலாம். ஆனால் அதைத் தூங்கவிடாமல் செய்வது பெரும்பாலும் வேறொரு சுவிட்ச்தான். கதவுகளைச் சாத்தி லாக் செய்து, அரை மணி நேரமோ அதற்கு மேலுமோ பொறுத்த பிறகு, பேட்டரியிலிருந்து போகும் மின்னோட்டத்தை அளங்கள். பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இறங்க வேண்டும். எந்தச் சர்க்யூட் என்று தேடும்போது ஃபியூஸைப் பிடுங்காதீர்கள். பிடுங்கிச் செருகினால் தூங்கிய மாட்யூல்கள் எழுந்துகொள்ளும். ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட் பாருங்கள். எதில் காட்டுகிறதோ அந்த வழியில்தான் மின்சாரம் போகிறது.

கேள்வி: அண்ணா, எல்லாம் அளந்து பார்த்துவிட்டேன். மாட்யூல்தான் பழுது. காயலான் கடையில் அதே மாடல் டிரக்கிலிருந்து கழற்றியது ஒன்று கிடைக்கிறது. மாட்டினால் ஓடுமா?

பதில்: மாடல் ஒன்றாக இருப்பது போதாது. மேலே ஒட்டியிருக்கும் பாகம் எண் எழுத்து மாறாமல் பொருந்த வேண்டும். பவர் விண்டோ இல்லாத வண்டியின் மாட்யூல், அது உள்ள வண்டியில் சரியாக வேலை செய்யாமல் போகலாம். வெளிப்பெட்டி பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும்.

அதற்கும் மேலே, பெட்டிக்குள் இருக்கும் தரவுகளைப் பாருங்கள். வண்டி அடையாள எண், வண்டியில் என்னென்ன வசதிகள் உண்டு என்ற பட்டியல், பல மாடல்களில் சாவி இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் வண்டியை ஓடவிடாத பாதுகாப்பு) விவரம் எல்லாம் மாட்யூலின் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. சில வண்டிகளில் ஓடிய தூரமும் அங்கேதான் இருக்கிறது. இன்னொரு வண்டியின் நினைவோடு வந்த மாட்யூலை மாட்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கலாம். தவறான தூரத்தைக் காட்டினாலோ, விற்கும்போது உங்கள் நேர்மையே கேள்விக்குள்ளாகும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. தயாரிப்பாளரின் மென்பொருளும் அதற்குப் பொருந்தும் கருவியும் கொண்டு உங்கள் வண்டிக்கு எழுதிக்கொள்வது ஒன்று. சில மாட்யூல்கள் ஒருமுறைதான் அடையாள எண்ணை ஏற்கும், ஏற்கெனவே வேறு வண்டியில் ஓடியதில் மறுபடி எழுத விடாது. வாங்கும் முன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள். மற்றது, உங்கள் பழைய மாட்யூலின் நினைவகச் சிப்பைப் படித்து, அதே தரவைப் புதியதில் ஏற்றுவது. கைதேர்ந்தவர் செய்தால் சாவி, தூரம், வசதிகள் எல்லாம் அப்படியே வந்துவிடும். இதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன்: பழைய மாட்யூலைக் கடையில் கொடுத்துவிடாதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். விளக்கு எரியாத மாட்யூலிலும் சிப் உயிரோடு இருக்கக்கூடும். ஸ்கேனருக்கு அது இன்னும் பதில் சொல்கிறது என்றால், கழற்றுவதற்கு முன்பே அதிலுள்ள அமைப்புகளை எல்லாம் சேமித்துவிடுங்கள்.

கேள்வி: மாற்றிவிட்டேன். என்ஜின் ஸ்டார்ட் ஆகி ஓரிரு நொடியில் நின்றுவிடுகிறது. செக்யூரிட்டி விளக்கு எரிகிறது. வண்டி ஷெவர்லே பிக்கப், 2004.

பதில்: மாட்யூல் பழுதில்லை. அதில் இருப்பது பாஸ்லாக் அமைப்பு. பாடி மாட்யூல் தரும் கடவுச்சொல் தெரிந்தால்தான் என்ஜின் கணினி எரிபொருளைத் தொடர்ந்து விடும். மாட்யூல் மாறியதால் சொல் மாறிவிட்டது. அதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஸ்டார்ட் செய்ய முயன்றுவிட்டு, சாவியை ஆன் நிலையிலேயே விடுங்கள். செக்யூரிட்டி விளக்கு அணைய 10 நிமிடம் ஆகும். அணைந்ததும் ஆஃப் செய்து, 10 நொடி பொறுத்து, மறுபடி அதேபோல் செய்யுங்கள். மொத்தம் மூன்று முறை. பிறகு ஸ்டார்ட் செய்தால் ஓட வேண்டும். நடுவில் பேட்டரி தளர்ந்துவிடாதபடி சார்ஜரை மாட்டிக்கொள்ளுங்கள். வேறு தயாரிப்பாளர்களின் வண்டிகளுக்கு இந்த வழி பொருந்தாது.

கேள்வி: நானே கழற்றி மாட்டலாமா? என்ன கவனம் வேண்டும்?

பதில்: கழற்றி மாட்டும் வேலை கடினமில்லை. பல டிரக்குகளில் ஸ்டியரிங் பக்கம் டாஷ்போர்டுக்கு அடியில்தான் இருக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் நேரம் பொறுத்த பிறகே கையை உள்ளே விடுங்கள். ஏர்பேக் சர்க்யூட் அருகிலேயே ஓடுகிறது. மஞ்சள் கனெக்டர்களைத் தொடாதீர்கள். கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்களை விரலால் தொடாதீர்கள், உடலில் தேங்கிய நிலைமின்சாரம் சிப்பைக் கொன்றுவிடும். கனெக்டரில் நெம்பும் பூட்டு இருந்தால் அதைத் திறந்த பிறகே இழுக்க வேண்டும். எழுதும் வேலையின்போது சீரான மின்சாரம் தரும் கருவி பேட்டரியில் மாட்டியிருக்க வேண்டும். பாதியில் மின்னழுத்தம் சரிந்தால் நல்ல மாட்யூலும் பாழாகிவிடும்.

கேள்வி: புதிய மாட்யூல் போட்டுச் சில வாரங்களில் அதே இண்டிகேட்டர் பகுதி மறுபடி போய்விட்டது. தரக்குறைவான பொருளா?

பதில்: பொருளைக் குறை சொல்லும் முன் அந்த ஒயர் போகும் இடமெல்லாம் போய்ப் பாருங்கள். பழைய மாட்யூலைக் கொன்றது எதுவோ அது வண்டியிலேயே இருக்கிறது. டிரெய்லர் சாக்கெட்டில் தண்ணீரும் துருவும் சேர்ந்து ஷார்ட் ஆவது அடிக்கடி நடக்கும். சேசிஸில் உரசித் தோல் உரிந்த ஒயர் அடுத்தது. வெளியில் வாங்கிப் பொருத்திய அலாரம், ரிமோட் ஸ்டார்ட், கூடுதல் விளக்குகள் ஆகியவற்றை மாட்யூலின் ஒயரில் வெட்டி இணைத்திருந்தால் அத்தனையையும் கழற்றி, ரிலே வைத்துத் தனி ஃபியூஸில் கொடுங்கள்.

கேள்வி: பேட்டரியைச் சற்று நேரம் கழற்றி மாட்டினால் சரியாகிவிடுகிறது. இப்படியே ஓட்டலாமா?

பதில்: உங்கள் வண்டியில் ஹெட்லைட்டும் வைப்பரும் அந்த மாட்யூல் வழியாக ஓடுகின்றனவா என்று ஒயரிங் வரைபடத்தில் பாருங்கள். ஓடினால் இரவிலும் மழையிலும் எடுக்க வேண்டாம். பகலில் ஓட்டுவதானாலும், கோளாறு வரும்போது கனெக்டரை லேசாக அசைத்துப் பாருங்கள். அசைவில் மாறினால் பின் தளர்ந்திருக்கிறது, அல்லது உள்ளே சால்டர் விரிசல் விட்டிருக்கிறது. சால்டர் விரிசலைச் சீராக்க முடியும். அந்த வேலை தெரிந்தவரிடம் உங்கள் மாட்யூலையே கொடுத்துச் செய்துவிட்டால் எழுதும் சிக்கலே எழாது.