ப்ரீபெய்டு பேக்கில் பேசாமல் மிஞ்சிய நிமிடங்கள் அடுத்த ரீசார்ஜில் சேருமா?

கேட்டவர் சொன்ன விவரம் இது: ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் அன்லிமிடெட் பேக் போட்டு விடுகிறார். அம்மா 28 நாளில் அரை மணி நேரம்கூடப் பேசுவதில்லை. அந்த மிச்சம் அடுத்த மாதத்துக்கு வருமா, பேக்கின் நாள் முடிவதற்குள் ரீசார்ஜ் செய்தால் சேர்ந்துகொள்ளுமா என்று கேட்கிறார்.

நிமிடம் சேராது. முன்கூட்டிச் செய்தால் நாள் சேரலாம், அதுவும் எல்லா பேக்கிலும் கிடையாது. இரண்டு வரியில் பதில் முடிந்துவிட்டது. ஆனால் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பஸ் ஸ்டாண்டு எதிரில் பதினாறு வருஷமாக ரீசார்ஜ் கடை வைத்திருப்பவன் நான். வாரத்துக்கு ஒருவராவது இதைக் கேட்காமல் போவதில்லை, இரண்டு வரியோடு யாரும் விட்டதும் இல்லை.

போன வருஷம் ஒரு ஆச்சி வந்தார். கீபேட் போன், பின்மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்டு போட்டிருந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் அங்கிருந்தே ஆப்பில் நூறு ரூபாய் ஏற்றியிருக்கிறான். "பணம் ஏறிட்டுன்னு சொல்லுதான் தம்பி, ஆனா போன் போவ மாட்டேங்கு" என்றார்.

பேலன்ஸ் பார்க்கிற நம்பரை அடித்துப் பார்த்தேன். 81 ரூபாய் 75 பைசா இருந்தது. நூறு ரூபாய் டாப்-அப்பில் (பேக் இல்லாமல் வெறும் பணமாக ஏற்றுவது) உள்ளடங்கிய 18 சதவீத ஜி.எஸ்.டி. 15 ரூபாய் 25 பைசாவும், ப்ராசஸிங் கட்டணம் என்று 3 ரூபாயும் கழிந்தால் மிஞ்சுவது சரியாக அவ்வளவுதான். அதாவது ஏற்றியதில் ஒரு பைசா செலவாகவில்லை. ஆனால் பேக் முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது.

"போன மாசம் நான் யாருக்கும் பேசவே இல்லையே. மிஸ்டு கால் குடுப்பேன், அவனே கூப்பிடுவான். அந்த மிச்சம் உள்ள கெடக்கும்லா?"

"கெடக்காது ஆச்சி. பஸ் பாஸ் மாதிரி வச்சுக்கோங்க. போனாலும் போகாட்டாலும் மாசம் முடிஞ்சா முடிஞ்சுது."

"எனக்கெதுக்கு பாஸ்? டவுன் பஸ்ல பொம்பளையாளுக்கு ஓசில்லா!"

அதோடு உவமை சொல்வதை விட்டுவிட்டேன். பேப்பர் எடுத்து இரண்டு கட்டம் போட்டுக் காட்டினேன். இங்கேயும் அதையே சொல்கிறேன்.

உங்கள் நம்பருக்குக் கம்பெனி கணினியில் ஒரே கணக்கு இல்லை. முதல் கட்டம் மெயின் பேலன்ஸ், ரூபாயில் இருப்பது. இரண்டாவது, பேக்கில் வரும் நிமிடம், டேட்டா, எஸ்.எம்.எஸ். ஒவ்வொன்றும் தனித்தனிப் பையில், பை ஒவ்வொன்றின் மேலும் ஒரு முடிவுத் தேதியோடு இருக்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிமுறைப்படி டாப்-அப் என்பது வெறும் பணம், அதற்குக் காலக்கெடு வைக்கக் கூடாது. பேக் அப்படி இல்லை. விற்கும்போதே இத்தனை நாளுக்கு என்றுதான் விற்கிறார்கள். தேதி முடிந்ததும் அந்தப் பை காலி. அதில் பத்து நிமிடம் மீதி இருந்தாலும் பத்தாயிரம் நிமிடம் மீதி இருந்தாலும் கணினிக்கு ஒன்றுதான்.

அப்படியானால் ஆச்சியின் 81 ரூபாய் ஏன் வேலை செய்யவில்லை? பணம் சாகவில்லை, கதவு பூட்டியிருந்தது. 2006 வாக்கில் 999 ரூபாய்க்கு லைஃப்டைம் கார்டு போட்டவர்களுக்கு நினைவிருக்கும், இன்கமிங்குக்கு என்று மாதாமாதம் எதுவும் கட்ட வேண்டாம், பேலன்ஸ் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். 2018 கடைசியில் கம்பெனிகள் அந்தப் பழக்கத்தை மாற்றி, குறைந்தபட்சம் 35 ரூபாய் ரீசார்ஜ், 28 நாள் என்று ஆரம்பித்தன. இப்போது வேலிடிட்டி உள்ள பேக் ஒன்று ஓடினால்தான் மெயின் பேலன்ஸுக்கே உயிர். பேக் முடிந்தால் முதலில் அவுட்கோயிங் நிற்கும், கொஞ்ச நாள் கழித்து இன்கமிங்கும். ஆச்சிக்கு ஒரு பேக் போட்டேன். அந்த 81 ரூபாய் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அன்லிமிடெட் பேக்கில் அதைச் செலவழிக்க வழியே இல்லையே!

நிமிடக் கணக்கு நிஜமாகவே இருந்த காலம் ஒன்று உண்டு. ரேட் கட்டர், நைட் பேக், 'லோக்கல் இத்தனை நிமிடம்' என்று கடை முழுக்க அட்டை தொங்கும். கடைசி நாள் ராத்திரி மிச்ச நிமிடம் வீணாகக் கூடாது என்று சித்தி, பெரியம்மா, கல்யாணத்தில் ஒரு முறை பார்த்த சம்பந்தி வீடு வரைக்கும் கூப்பிட்டுப் பேசுவார்கள். பெரிய கம்பெனி பேக்குகளில் கடைசியாகப் பரவலாக நிமிடம் எண்ணியது 2019-20ல். ஜியோவில் மற்ற நெட்வொர்க்குகளுக்கு 28 நாள் பேக்கில் 1,000 நிமிடம், 84 நாள் பேக்கில் 3,000 நிமிடம் என்று அளவு வைத்திருந்தார்கள். ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 6 பைசா கட்ட வேண்டியிருந்ததுதான் காரணம். 2021 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டணம் இல்லை, அளவும் போய்விட்டது.

அதன் பிறகு பெரும்பாலும் எல்லாம் அன்லிமிடெட். அளவே இல்லாத ஒன்றில் மிச்சம் எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? என்னைக் கேட்டால் கம்பெனிகளுக்கு இது ரொம்ப வசதி. நாள் முழுக்கப் பேசுகிற மார்க்கெட்டிங் பையனும் மிஸ்டு கால் கொடுக்கும் ஆச்சியும் ஒரே விலை. 'என் மீதி எங்கே' என்று கேட்க ஆச்சியிடம் எண்ணிக்கையே கிடையாது.

டேட்டாவில்தான் இன்னும் எண்ணிக்கை இருக்கிறது. தினம் 1.5 ஜி.பி. என்றால் ராத்திரி பன்னிரண்டுக்கு மீதி அழிந்து புதுசு வரும். இதில் விதிவிலக்காக 2020 அக்டோபரில் வி (வோடஃபோன் ஐடியா) கம்பெனி சில ப்ரீபெய்டு பேக்குகளுக்கு, திங்கள் முதல் வெள்ளி வரை மிஞ்சியதைச் சனி, ஞாயிறில் பயன்படுத்தலாம் என்று கொண்டுவந்தது. திங்கள் வந்தால் அதுவும் போச்சு. போஸ்ட்பெய்டில் சில பிளான்களில் மிஞ்சிய டேட்டா, ரோல்ஓவர் என்ற பெயரில், ஒரு உச்ச அளவு வரைக்கும் அடுத்த மாதத்துக்குச் சேரும். ஆக, மிச்சத்தைச் சேர்த்து வைக்கக் கணினிக்குத் தெரியாமல் இல்லை. தென்னாப்பிரிக்காவில் 2019 முதல் மீதி டேட்டாவை நீட்டித்துக்கொள்ள வழி தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. இங்கே அப்படி ஒரு விதி இல்லை, அவ்வளவுதான்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். நிமிடத்தை விடுங்கள், நாளைப் பாருங்கள். பணம் போவது அங்கேதான். 28 நாள் பேக் என்றால் வருஷத்துக்கு 12 ரீசார்ஜ் இல்லை, 13. இந்தப் புகார் பெரிதானதால் 2022ல் டிராய் ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பேக் ஒன்றாவது, மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றாவது வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. பேக் இருக்கிறது, ஆனால் யாரும் அதை விளம்பரப்படுத்துவதில்லை. கேட்டால்தான் போடுவோம். நாங்களும்தான், மறைக்க என்ன இருக்கிறது.

முன்கூட்டியே ரீசார்ஜ் செய்வதில் ஒரு கண் வையுங்கள். ஜியோ மாதிரி இடத்தில் புது பேக் வரிசையில் நிற்கும், பழையது முடிந்த பிறகுதான் தொடங்கும், ஒரு நாளும் வீணாகாது. வேறு சிலவற்றில், அதே பேக்கைப் போடாமல் வேறு பேக் போட்டால், ஏற்றிய நிமிடமே தொடங்கிப் பழையதோடு சேர்ந்து ஓடும். கடைக்காரன் நானே இதில் ஏமாந்தேன். ஊருக்குப் போகிற அவசரத்தில் நான்கு நாள் முன்னதாக என் சொந்த நம்பருக்குப் பெரிய பேக் போட்டேன். இரண்டும் ஒன்றாக ஓடி நான்கு நாள் தண்ணீரில் போனது. கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் "உங்களுக்குக் கூடுதல் டேட்டா கிடைத்திருக்கிறதே சார்" என்றார்கள். பணம் கட்டுவதற்கு முன் ஆப்பில் புது பேக் எந்தத் தேதியில் தொடங்கும் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பேச மட்டும் போன் வைத்திருப்பவர்களுக்கு டேட்டா இல்லாத பேக் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதியைத் திருத்தியது. ஸ்பெஷல் டாரிஃப் வவுச்சர் என்ற வகை பேக்குக்கு 90 நாளாக இருந்த உச்ச வேலிடிட்டியை 365 நாளாக்கியதும் அதே திருத்தம்தான். 2025 ஜனவரியில் பேக்குகள் வந்தன. ஜியோவில் 84 நாளுக்கு 448 ரூபாய், ஏர்டெல்லில் அதே 84 நாளுக்கு 469. நீண்டதில் ஜியோ 336 நாளுக்கு 1,748, ஏர்டெல் 365 நாளுக்கு 1,849. அந்த 336ஐக் கவனியுங்கள், 28ஐப் பன்னிரண்டால் பெருக்கியது. வருஷ பேக் என்று நினைத்துப் போட்டவர்கள் 29 நாள் முன்னாடியே வந்து நிற்பார்கள். எல்லாமே நாளுக்கு ஐந்து ரூபாய்க்கு மேல், ஆறு ரூபாய்க்குள் அடங்கும். இவை அன்றைய விலை, போடும்போது ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பேக்கே வேண்டாம், நம்பர் மட்டும் இருந்தால் போதும் என்பவர்கள் '20 ரூபாய் விதி' பற்றிக் கேட்கிறார்கள். 2025 ஜனவரியில் வாட்ஸ்அப்பில் புது விதி என்று சுற்றியது, உண்மையில் 2013லேயே வந்தது. 90 நாள் எந்த உபயோகமும் இல்லாவிட்டாலும் மெயின் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால், அதைக் கழித்துக்கொண்டு நம்பரை இன்னும் 30 நாள் வைத்திருப்பார்கள். நம்பர் பறிபோகாது என்பது மட்டும்தான், பேச முடியும் என்று அர்த்தம் இல்லை. அப்புறம், நம்பரை மாற்றாமல் வேறு கம்பெனிக்குப் போர்ட் செய்கிறவர்கள் மெயின் பேலன்ஸைத் தீர்த்துவிட்டுப் போங்கள். நம்பர் கூட வரும், காசு வராது.

உங்கள் அம்மா கீபேட் போன் என்றால் 84 நாள் வாய்ஸ் பேக் போதும். ஒரே தடவையில் வருஷத்துக்கும் கட்ட முடிந்தால் 365 நாள் பேக் இன்னும் நிம்மதி. முடிகிற தேதியை அவர்களிடமும் சொல்லி வையுங்கள், மெசேஜ் படிக்க மாட்டார்கள். ஆச்சி போனின் பின்மூடியில் வெள்ளை டேப் ஒட்டித் தேதி எழுதிக் கொடுத்தேன். இப்போது மூன்றாவது டேப் ஓடுகிறது. ரப்பர் பேண்டு அதே பழையதுதான்.